காரைக் கழுவப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். வயது 63. வீடு கல்லங்குறிச்சியில். அரியலூருக்குக் கிழக்கே நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிற ஊர். கலியுக வரதராசப் பெருமாள் கோயில் என்றால் நிறைய பேருக்குச் சட்டென்று தெரியும். (கல்லக்குடி வேறு, கல்லங்குறிச்சி வேறு. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

"ராத்திரி ரெண்டு மணி ஆனா இரைப்பு வந்துடுது டாக்டர். தயிரை நிறுத்திட்டேன், வாழைப்பழத்தை நிறுத்திட்டேன். ஃபேன்கூடப் போடறதில்லை. ஆனாலும் விட மாட்டேங்குது" என்றார்.

நாடி பார்த்தேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தேன். விசில் சத்தம் கேட்டது. உணவைப் பற்றி அவரே சொல்லிவிட்டதால், காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறார் என்று கேட்டேன். பதில் அந்த அம்மாவிடமிருந்து வந்தது.

"வேறென்ன, காருக்குத்தான் முதல் பூஜை! மஞ்சத் துணியை எடுத்துக்கிட்டு முக்கால் மணி நேரம் தேய்ப்பார். அப்புறம் அந்தத் துணியை நான் கோலம் போடற இடத்துக்கு நேரா நின்னு உதறுவார். நான் சொன்னா கேக்கறதில்லை. நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். இரண்டு வாரம் உலர்ந்த துணியால் காரைத் தொடக் கூடாது, தண்ணீர் விட்டுத்தான் கழுவ வேண்டும் என்றேன். தாளிசாதி சூரணமும் ஆடாதோடை மணப்பாகும் கொடுத்தேன். ஏற்கெனவே ஆங்கில மருத்துவர் கொடுத்திருந்த இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது இரவில் தூக்கம் வருகிறது என்றார். என் மருந்து வேலை செய்ததா, மஞ்சள் துணியை விட்டது வேலை செய்ததா என்று கேட்டால் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். இரண்டும் என்றே வைத்துக்கொள்வோம்.

'சித்த வைத்தியருக்குக் கார் கழுவுவதைப் பற்றி என்ன தெரியும்?' என்று நீங்கள் நினைக்கலாம். கார் பளபளப்பாக இருக்கிறதா இல்லையா என்பது என் வேலை இல்லை. கழுவுகிறவரின் நெஞ்சு, கண், கை, கால், இடுப்பு என் வேலை. வேடிக்கை என்னவென்றால், உடம்புக்கு எது நல்லதோ அதுவேதான் காரின் பெயின்டுக்கும் நல்லது என்று மெக்கானிக்குகளும் சொல்கிறார்கள்.

பச்சைக் கல், சுட்ட கல்

கல்லங்குறிச்சியின் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பகுதி கடலாக இருந்தது. சிப்பிகளும் கிளிஞ்சல்களும் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாகி, சுண்ணாம்புக்கல் ஆயிற்று. நிலவியலார் ஒரு பாறை அடுக்குக்கே 'கல்லங்குறிச்சிப் படிவம்' என்று இந்த ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லை வெட்டி எடுக்கிறார்கள், லாரியில் ஏற்றுகிறார்கள், சுற்றியுள்ள சிமெண்ட் ஆலைகளில் அரைத்துச் சுடுகிறார்கள். ஆகவே இந்தப் பக்கத்துக் கார்களின் மேல் உட்கார்ந்திருக்கும் தூசி ஒரே வகை அல்ல. பச்சைக் கல்லின் தூசி ஒன்று. சுட்ட பிறகு வரும் சிமெண்ட் தூசி இன்னொன்று. இது தவிரச் சாதாரண மண்ணும் மணலும் உண்டு.

பச்சைச் சுண்ணாம்புக்கல் தூசி தோலைச் சுடாது. மூக்கிலும் நெஞ்சிலும் போனால் எரிச்சல் தரும், அவ்வளவுதான். சுட்ட கல்லின் சங்கதி வேறு. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, சுண்ணாம்பு செய்வது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். வெற்றிலையில் சுண்ணாம்பு கொஞ்சம் கூடிவிட்டால் "வாய் வெந்து போச்சு" என்கிறோம் இல்லையா? சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுமார் 1,450 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுடுகிறார்கள். அப்படிச் சுட்டு அரைத்த பொடியில் தண்ணீர் பட்டதும், வெற்றிலையில் தடவுகிறோமே அதே நீற்றுச் சுண்ணாம்பு வெளியே வருகிறது. ஈரச் சிமெண்ட்டின் காரத்தன்மை 12-லிருந்து 13 வரை போகும். நல்ல தண்ணீருக்கு 7. இந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. வாய் வெந்தால் உடனே துப்பிவிடுவோம். பாதம் வெந்தால் உடனே தெரிவதில்லை. அங்கேதான் ஆபத்து.

ஓர் இளைஞர் வந்தார். வீட்டில் சின்னப் பூச்சு வேலைக்காக இரண்டு மூட்டை சிமெண்டைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு மூட்டை கிழிந்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு டிக்கியைக் கழுவியிருக்கிறார். சிமெண்ட் கரைந்த தண்ணீர் காலடியில் தேங்கி நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே நின்றிருக்கிறார். அப்போது வலியே இல்லை. "லேசா நமநமன்னு இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். சாயங்காலம் சிவந்தது. இரவில் எரிய ஆரம்பித்தது. திங்கட்கிழமை என்னிடம் வந்தபோது இரண்டு பாதத்திலும் விரல் இடுக்குகளில் தோல் வெந்து வெள்ளையாகத் தொங்கியது. யாரோ சொன்னார்கள் என்று மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்து அப்பியிருந்தார்!

எங்கள் மருத்துவத்தில் தீப்புண்ணுக்குக் குங்கிலிய வெண்ணெய் இருக்கிறது, ஆறாத புண்ணுக்கு மத்தன் தைலம் இருக்கிறது. ஆனால் ஆழமாக வெந்த இடத்தில் அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. அவரை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். ஆறி முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

ஆகவே சிமெண்ட் தூசியோ பொடியோ இருக்கிற இடத்தைக் கழுவும்போது ரப்பர் கையுறையும், கணுக்கால் வரை மூடும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். கையுறைக்குள்ளே அல்லது பூட்ஸுக்குள்ளே அந்தத் தண்ணீர் புகுந்துவிட்டால் கழற்றி எறிந்துவிட்டுக் கழுவுங்கள். உள்ளே தேங்கிய காரத் தண்ணீர், ஒன்றும் போடாமல் இருப்பதைவிட மோசம். மூட்டை கிழிந்த இடமென்றால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் கொட்டியிருக்கும் பொடியை வேக்குவம் கிளீனரால் எடுத்துவிடலாம். அது இல்லையென்றால், மூக்கை மூடிக்கொண்டு, தூசி கிளம்பாமல் முறத்தில் மெதுவாக அள்ளிவிடுங்கள்.

தோலில் பட்டுவிட்டதா? உலர்ந்த பொடியாக இருந்தால் முதலில் தட்டி உதிர்த்துவிடுங்கள். பிறகு ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஈரமான துணி, செருப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். காரத்தை எலுமிச்சம்பழம் முறிக்கும் என்று தேய்க்காதீர்கள். வெந்த தோலில் அமிலத்தையும் ஊற்றினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

கண்ணில் பட்டால் நேரத்தை வீணாக்கவே கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன். இமையை விரலால் விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சுண்ணாம்பு கண்ணின் கருவிழியை உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். வலி குறைந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிட்டவர்கள் பார்வையை இழந்திருக்கிறார்கள்.

கொத்தனார்களின் கையில் வருகிற தீராத அரிப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சிமெண்டில் மிகச் சிறிய அளவில் குரோமியம் என்ற உலோகச் சத்து இருக்கும். அது சிலருக்கு ஒவ்வாமையாகிவிடும். ஒரு தடவை பிடித்துக்கொண்டால் பிறகு துளி பட்டாலும் கை பொரிந்து நிற்கும். வாரா வாரம் காரைக் கழுவிவிட்டுக் கையில் படை வந்திருக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சோப்பைப் பற்றி, அடுத்துச் சிமெண்டைப் பற்றி.

முதலில் தண்ணீர், பிறகுதான் துணி

ஆசிரியரின் மஞ்சள் துணிக்கு வருவோம். உலர்ந்த துணியால் தேய்க்கும்போது தூசி எங்கே போகிறது? பாதி துணியில். மீதி காற்றில். கண்ணுக்குத் தெரிகிற பெரிய துகள் மூக்கு முடியிலும் சளியிலும் சிக்கிக்கொள்ளும். அது பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியாத, 5 மைக்ரானுக்கும் குறைவான துகள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முகத்தில் கட்டிக்கொள்கிற துண்டும் கைக்குட்டையும் இதைத் தடுக்காது. இரைப்பு உள்ளவர்கள் தூசியான வண்டியைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் என்-95 மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது. அதைவிட நல்லது, வீட்டில் வேறு யாரிடமாவது அந்த வேலையை விடுவது.

பெயின்டுக்கும் இதே கதைதான். சுண்ணாம்புக்கல் மென்மையான கல். ஆனால் கூடவே கலந்திருக்கும் மணல் அப்படி இல்லை. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லுக்கு 3, மணலுக்கு 7. உலர்ந்த துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மணல் அகப்பட்டால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரிக் கீறல் தெரிகிறதே, அது இப்படி வந்ததே.

அதனால் எந்தத் துணியும் படுவதற்கு முன்னால் தண்ணீர் விட வேண்டும். கூரையிலிருந்து ஆரம்பித்துக் கீழே வாருங்கள். வேகமாகப் பீய்ச்சத் தேவையில்லை. பூவாளியில் ஊற்றுகிற மாதிரி, ஆனால் தாராளமாக. சிமெண்ட் தூசி இருக்கிற ஊரில் கொஞ்சமாகத் தெளித்து விடுவது தப்பு. கொஞ்சம் ஈரம் பட்டால் அது இறுகிப் பொருக்காகிவிடும். மார்கழிப் பனியில் இரவு முழுவதும் வெளியே நின்ற கார்களைப் பாருங்கள், காலையில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நகத்தால் சுரண்டாதீர்கள். வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, அந்த இடத்தில் மட்டும் சில நிமிடம் ஒற்றி வைத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள்.

கக்கூஸ் கழுவுகிற ஆசிடை இதற்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். அதோடு பிளீச்சிங் பவுடர் தண்ணீர் சேர்ந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும். சக்கரங்களைக் கழுவ என்று விற்கும் சில திரவங்களில் ஃபுளோரைடு அமிலம் இருப்பதுண்டு. அது தோலைத் தாண்டி எலும்பு வரை போகக்கூடியது. புட்டியின் மேல் போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தண்ணீர் விட்டாயிற்றா? இரண்டு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்புத் தண்ணீரில் நனைத்து ஒரு பக்கம் கழுவி, வெறும் தண்ணீரில் அலசி, மறுபடி ஷாம்புத் தண்ணீர். சக்கரத்துக்கு வேறு துணி, அதுவும் கடைசியில். ஒரே வாளியில் எல்லாவற்றையும் முக்கினால் அழுக்கை எடுத்து அழுக்கிலேயே பூசுகிறோம். வாளியாக இருந்தால் தண்ணீரும் மிச்சம். ஹோஸ் பைப்பைத் திறந்து கீழே போட்டுவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தால் நிமிடத்துக்கு 10, 15 லிட்டர் தெருவில் ஓடிவிடும்.

"டாக்டர், சீயக்காய்த் தூள் போட்டுக் கழுவலாமா? இயற்கையாச்சே" என்று ஒருவர் கேட்டார். மூலிகை என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்கிற நம்பிக்கை நம்மவர்களை விடாது போலிருக்கிறது! சீயக்காய் தலைக்கு. அதன் தூளில் இருக்கும் நறநறப்பு காரில் கோடு போடும். துணி சோப்புத் தூளும் வேண்டாம், அது கையையும் உலர்த்திப் பிளக்க வைக்கும். கழுவி முடித்ததும் கையை நன்றாக அலசி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அது போதும்.

அரியலூர்ப் பக்கம் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிற இடங்களில், கழுவிய காரைக் காயவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். ஈரம் இருக்கும்போதே மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

நேரம் முக்கியம். காலை எட்டு மணிக்குள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு, நிழலில். சூடான பானெட்டில் சோப்பு காய்ந்து கறையாகும். உச்சி வெயிலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் உங்களுக்கும் தலை சுற்றும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குனிந்தபடியே இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்திருக்க வேண்டாம். சக்கரம் கழுவ ஒரு சின்ன முக்காலி போட்டு உட்காருங்கள். நிறைந்த வாளியைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். வாளியை அரை அளவு நிரப்பி இரண்டு தடவை நடந்தால் இன்னும் நல்லது.

மின்சாரமும் தண்ணீரும்

இப்போது பிரஷர் வாஷர் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். வீட்டு உபயோகத்துக்கு விற்கிற இந்த மெஷினின் முனையில் 100 பாருக்கு மேல். அது விரலில் பட்டால் ஊசி போட்ட மாதிரி தண்ணீர் தோலுக்குள்ளே புகுந்துவிடும். மேலே பார்த்தால் சின்னப் புள்ளி, உள்ளே தசை சிதைந்திருக்கும். "சின்னக் காயம்தானே" என்று விடாமல் அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகள் கையில் விளையாட்டுக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

மெஷின் எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில்தான் ஓட வேண்டும். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். மின்சாரம் கசிந்தால் கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்து உயிரைக் காப்பாற்றுவது அதுதான். ஒட்டுப் போட்ட ஒயர், தண்ணீரில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி, வெறுங்கால் மூன்றும் சேர்ந்தால் நான் ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

இன்னும் இரண்டொரு விஷயங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. ரோடு தாரை எடுக்கப் பெட்ரோலைத் துணியில் தோய்த்துத் தேய்க்கும் பழக்கம் வேண்டாம். அது தோலுக்கும் கேடு, பக்கத்தில் யாராவது பீடி பற்ற வைத்தால் எல்லாமே போச்சு. கதவடைத்த ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுத் துடைத்துக்கொண்டிருக்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கழுவி முடித்ததும் வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். ஏழெட்டு நாளில் கொசுவாகிவிடும். ஷெட் மூலையில் கிடக்கிற பழைய டயருக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

அந்த ஆசிரியரின் மனைவி பிறகு ஒரு முறை தனியாக வந்தார், முழங்கால் வலிக்காக. "இப்பல்லாம் துணியை உதறறதில்லை டாக்டர். ஆனா சோப்புத் தண்ணியை எல்லாம் என் கீரைப் பாத்திக்குத் திருப்பி விடறார். வீணாகுதாம்" என்றார். முதலில் ஊற்றுகிற சோப்பில்லாத தண்ணீரை வேண்டுமானால் வாசல் மரத்துக்கு விடலாம். சோப்பும் ஆயிலும் கலந்தது கீரைக்கும் ஆகாது, கிணற்றடிக்கும் ஆகாது, ஏரிக்கும் ஆகாது. கழிவுநீர் போகிற பக்கம் விடச் சொல்லுங்கள் என்றேன். முழங்காலுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு, "இதையும் நீங்களே ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன்.